காலித் எங்கே?

2023 ஆடிப் பதினெட்டன்று கொல்லிமலையில் கால் வைக்க இடமில்லை. செம்மேட்டில் வல்வில் ஓரி விழா, அரப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம், எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி. அரியூர் நாட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மட்டும் ஒருவன் உம்மென்று உட்கார்ந்திருந்தான். அக்கா மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவு போட்டு வந்தவன் முகத்தில் நோம்பிக் களையே இல்லை.

"என்ன மாப்ள, மலைக்காத்து ஒத்துக்கலையா?"

"அதில்லைங்க மாமா. இன்னைக்கு ராத்திரிதான் பால்டர்ஸ் கேட் மூணாம் பாகம் வருது. நான் இங்க வந்து மாட்டிக்கிட்டேன்."

அந்த கேமுக்கு 150 ஜிபி இடம் வேண்டுமாம். செல்போனில் நாளுக்கு இரண்டு ஜிபி என்று கணக்குப் போட்டால் எழுபத்தைந்து நாள். அதற்குள் கொல்லையில் சாமை கதிர் வாங்கிவிடும். பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பேச்சுக் கொடுப்போமே என்று, "கையில வெள்ளெலி வச்சுக்கிட்டு ஒருத்தன் வருவானே, மின்ஸ்க்கு, அவன் இதுலயும் இருக்கானா?" என்று கேட்டேன். சட்டென்று திரும்பினான். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சார்த்தி மிளகு பறிக்கிற மாமன் வாயிலிருந்து அந்தப் பெயர் வரும் என்று அவன் எதிர்பார்த்திருக்க முடியாது.

2000ஆம் ஆண்டு நான் சேலத்தில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அறைக்கு மூன்று பேர், மூன்று பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். சென்னைக்குப் போன எவனோ பர்மா பஜாரில் வாங்கி வந்த ஐந்து சிடி. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் எழுதிய எண். கனடாவின் பயோவேர் கம்பெனி 1998 டிசம்பரில் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் முதல் பாகம் அது. கதையில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போனால் சிடியை மாற்றச் சொல்லும். எங்கள் மூன்றாவது சிடியில் கீறல். அதனால் சில ஊர்களுக்குப் போவதென்றால் துடைத்து, ஊதி, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் போவோம்.

இந்த வகை விளையாட்டில் யாரும் தனியாகப் போவதில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து போவார்கள். வாள் பிடிப்பவன் ஒருவன், காயத்துக்கு மருந்து பார்ப்பவன் ஒருவன், பூட்டு உடைப்பவன் ஒருவன், மந்திரக்காரன் ஒருவன். இதற்குப் பார்ட்டி என்று பெயர். நம் பக்கம் பார்ட்டி என்றால் கட்சி, அல்லது தண்ணி, அல்லது 'அந்தப் பார்ட்டி இன்னும் பணம் தரலை'. ஆகவே கூட்டம் என்றே சொல்கிறேன். கூட வருகிறவர்கள் கூட்டாளிகள். கூட்டாளி என்ற சொல்லில் பங்காளியின் வாடையும் கொஞ்சம் அடிக்கும். பழைய கேம்களுக்கு அது ரொம்பப் பொருத்தம்.

ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டு எங்கள் மலைக்காரர்களுக்குப் பாதி தெரியும். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகிய கதை. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருப்பதே அந்த வில்லுக்காகத்தான். எனக்குப் பிடித்தது மற்றப் பாதி. அம்பு விட்ட வேடன் யாரென்று தெரியாமலே ஒரு பாணர் கூட்டம் அங்கேயே பாட்டுக்குத் தயாராகிறது. முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று தலைவர் ஒவ்வொன்றாகச் சொல்லி வேலை ஏவுகிறார். எண்ணினால் ஆறு கருவி. வாசிக்கிறவர் யாருக்கும் பெயர் இல்லை. யாழ்க்காரருக்கு ஊரில் எவ்வளவு கடன், பதலைக்காரர் யாரோடு பேசாமல் வருகிறார், ஒன்றும் பாட்டில் கிடையாது. கருவிதான் ஆள்.

கம்ப்யூட்டரிலும் ஆரம்பம் அப்படித்தான். ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் எழுதி 1981இல் சர்-டெக் கம்பெனி வெளியிட்ட விஸார்ட்ரியில் கூட்டத்துக்கு அதே ஆறு பேர். கில்காமெஷ் என்பவரின் சாராயக்கடையில் ஆள் சேர்க்க வேண்டும். பெயரை நாமே வைக்க வேண்டும். அவர்கள் வாயே திறக்கமாட்டார்கள், ஆனால் சாவார்கள். பாதாளத்தில் கூட்டம் முழுக்கச் செத்தால் பிணங்கள் அங்கேயே கிடக்கும். இன்னொரு கூட்டம் திரட்டிப் போய்த்தான் தூக்கிவர வேண்டும். கோயிலில் காசு கட்டி உயிர் கேட்கலாம். பூசாரிக்குக் கை தவறினால் உடம்பு சாம்பலாகும். சாம்பலுக்கு உயிர் கேட்டு அதுவும் தவறினால் ஆளே இல்லை. நடந்ததை நடந்த கையோடு டிஸ்க்கில் எழுதிவிடும் என்பதால் பழைய இடத்துக்குத் திரும்பி ஆடுகிற பேச்சும் இல்லை. ஒரு வார்த்தை பேசாதவன் சாம்பலானதற்கு எவனாவது அழுதிருப்பானா என்றால், அழுதிருப்பான். பெயர் வைத்தவன் அவன்தானே.

நான்கு வருடத்தில் ரிச்சர்ட் கேரியட் அந்த வெற்று ஆள்களுக்கு முகம் வைத்தார். 1985இல் வந்த அல்டிமா நான்காம் பாகத்தில் எட்டுத் தொழில், எட்டு அறம். நமக்கு ஒன்று போக மீதி ஏழு பேர் வழியில் வந்து சேர்வார்கள். அதில் அயோலோ என்பவன் பாணன். குறுக்குவில் செய்கிற டேவிட் வாட்சன் என்ற தன் நண்பரைத்தான் கேரியட் அந்த வேஷத்தில் உள்ளே விட்டிருந்தார்.

பங்காளி வாடை நன்றாக அடித்தது 1997இல் வந்த ஃபால்அவுட்டில். அணுகுண்டு விழுந்து முடிந்த அமெரிக்கா. ஷேடி சாண்ட்ஸ் என்ற ஊரில் இயன் என்று ஒருவன். நூறு காசு கொடுத்தால் கூட வருவான். வந்தவன் நம் பேச்சைக் கேட்கமாட்டான். சண்டையில் எல்லாம் அவன் இஷ்டம். சடசடவென்று சுடுகிற துப்பாக்கியை அவன் கையில் கொடுத்தோமோ தொலைந்தோம். எதிரிக்கும் தனக்கும் நடுவே நாம் நிற்பதை அவன் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. எனக்கு எதிரி சுட்டு விழுந்த காயத்தைவிட இயன் முதுகில் போட்ட காயம் அதிகம். வாசலில் நின்றான் என்றால் நகரமாட்டான். நாம் அறைக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். கூட்டாளியைத் தள்ளிவிட ஒரு வசதி 1998இல் இரண்டாம் பாகத்தில்தான் வந்தது. கொடுத்த சாமானைத் திரும்ப வாங்க அவனிடமே பேரம் பேச வேண்டும், இல்லாவிட்டால் அவன் பையிலிருந்தே திருட வேண்டும். நிலத் தகராறு உள்ள எந்தக் குடும்பத்துக்கும் இது புதிதில்லை.

அதிலேயே டாக்மீட் என்று ஒரு நாய் வரும். விசுவாசமான நாய். கடைசிக் கட்டத்தில் ராணுவத் தளத்திலுள்ள கதிர்ச்சுவர்களில் தானே ஓடிப்போய் மோதிச் சாகும். அதைக் காப்பாற்றிக் கரைசேர்த்தவர்கள் குறைவு.

வேட்டைக்குப் போன நாய் என்றால் எங்கள் பக்கத்து ஆள்களுக்குப் பொன்னாச்சி ஞாபகம் வரும். மலைக்குக் கீழே கொங்கு நாட்டில் உடுக்கையடித்துப் பாடுகிற அண்ணன்மார் கதை. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் அதைப் பாடச்சொல்லி ஒலிநாடாவில் பதிவு செய்திருக்கிறார். பொன்னர் சங்கர் கூட்டம் கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வேட்டையாடப் புறப்படுகிறது. பெரிய நாய்களையெல்லாம் கூப்பிட்டவர்கள் பொடி நாயான பொன்னாச்சியை விட்டுவிடுகிறார்கள். அதற்கு வந்ததே கோபம். மரியாதையாக அழைத்த பிறகுதான் அது வருகிறது, பன்றியும் மடங்குகிறது. பாடுகிறவருக்குத் தக்கபடி கதை முன்னே பின்னே போகும். ஆனால் நான் கேட்ட வரையில் அந்தக் கோபத்தை யாரும் விட்டுவிட்டுப் பாடியதில்லை.

எங்கள் அறைக்கு வருகிறேன். பால்டர்ஸ் கேட்டில் நம்மை வளர்த்தவரை யாரோ கொன்றுவிடுகிறார்கள். கூடவே வளர்ந்த இமோயன் என்ற பெண்ணோடு வீதிக்கு வருகிறோம். வழியில் ஒரு சத்திரம். அங்கே காலித், ஜஹேரா என்று ஒரு புருஷன் பெண்டாட்டி, நம்மை வளர்த்தவரின் பழைய சிநேகிதர்கள். ஜஹேராவுக்கு வாய் அதிகம். காலித் நல்ல வாள்வீரன், ஆனால் பயந்தவன், பேச்சு திக்கும். இருவரும் சேர்ந்தேதான் வருவார்கள். ஒருவரைப் போகச் சொன்னால் மற்றவரும் கிளம்பிவிடுவார். நாஷ்கெல் சுரங்கத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் காரியம். நாம் அங்கே போகாமல் ஊர் சுற்றினால் முணுமுணுப்பார்கள், பிறகு போய்விடுவார்கள். அதற்கு முன்பே வழியில் சேர்ந்த ஸார், மொன்டரான் என்ற இரண்டு கிறுக்கர்களுக்கும் இவர்களுக்கும் ஆகாது. வாய்ச்சண்டை முற்றி, ஒரு நாள் நடுக்காட்டில் நம் கூட்டமே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். நாம் கொஞ்சம் நல்ல பெயர் எடுத்தால் கெட்டவர்களுக்குப் பிடிக்காது, விலகிவிடுவார்கள். வெள்ளெலி மின்ஸ்க்குக்கு அவனுடைய எஜமானி டைனஹேரை மீட்க வேண்டும். ரொம்ப நாள் கடத்தினால் நம் மேலேயே பாய்வான்.

மொத்தம் இருபத்தைந்து பேர், கூட்டத்தில் நம்மோடு சேர்த்து ஆறு பேருக்குத்தான் இடம். அறையில் ஆளுக்கு இரண்டு பேரைப் பங்கு பிரித்துக்கொண்டோம். மவுஸ் ஒன்று என்பதால், "உன் ஆளை நகர்த்துடா" என்று ராத்திரி முழுக்கச் சத்தம். எங்களில் ஒருவனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். அவன் யாரையும் கேட்காமல் காலித்தை எடுத்துக்கொண்டான். யாரும் எதுவும் சொல்லவில்லை. காலித் செத்தால் கோயிலுக்குத் தூக்கிப்போய் உயிர் கொடுக்க இருக்கிற காசையெல்லாம் செலவழிப்பான். பலமாக அடிபட்டு உடம்பே சிதறிப்போனால் எந்தக் கோயிலாலும் ஆகாது. அப்படி நடந்த அன்று கம்ப்யூட்டரின் சுவிட்சையே அணைத்தான்.

2000 செப்டம்பரில் இரண்டாம் பாகம் வந்தது. எங்கள் கைக்கு வர அடுத்த வருடமாயிற்று. ஆரம்பமே ஒரு மந்திரவாதியின் நிலவறை. கூண்டுக்குள் ஜஹேரா. அதே நிலவறையில் வேறோர் அறையில் காலித்தின் பிணம். முதல் பாகத்தில் அவனை எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இதில் அவன் செத்துத்தான் கிடப்பான். எங்கள் ஆள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டீ குடிக்கப் போனான். அதுகூடப் பரவாயில்லை. சில வாரம் கழித்து, போகப் போக ஜஹேராவை நாமே காதலிக்கலாம் என்று தெரிந்தது. அன்றோடு அவன் அந்த கேமைத் தொடவில்லை.

அவன் கோபம் அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது யோசித்தால், அன்றையது முடிந்து இன்றையது தொடங்கிய இடமே அந்த நிலவறைதான் என்று படுகிறது. அதுவரை கூட்டாளிக்குப் பேச்சு குறைவு, ஆனால் அவனுக்கென்று ஒரு காரியம், ஒரு பெண்டாட்டி, ஒரு பகை இருந்தது. நாம் அதன் நடுவே போய்ச் சேர்ந்துகொள்கிறவர்கள். அதன் பிறகு கூட்டாளிக்குப் பேச்சு கூடியது, கண்ணீர் கூடியது, கதை கூடியது. எல்லாம் நம்மைப் பார்த்து. நமக்கு இடம் ஒதுக்கத்தான் காலித்தைச் சாகடித்தார்கள் என்று நான் சொன்னால், அதை எழுதியவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இருக்கட்டும்.

அடுத்த இருபது வருடத்தில் நான் மலைக்கே திரும்பிவிட்டேன். கேம்களைப் பற்றிப் படித்ததுதான் அதிகம். 2009இல் வந்த டிராகன் ஏஜில் கூட்டாளிகளுக்கு நகை, பொம்மை என்று பரிசு கொடுத்து மனதைப் பிடிக்கலாம். பிடித்தது எவ்வளவு என்று எண் வேறு காட்டும். 2010இல் வந்த மாஸ் எஃபெக்ட் இரண்டாம் பாகத்தில் விண்கப்பலின் ஒவ்வோர் அறையிலும் ஒருவர் நமக்காகக் காத்திருப்பார். வேலைக்கு நடுவே ஒரு சுற்று போய் நலம் விசாரித்துவிட்டு வர வேண்டும். அதில் கேரஸ் என்பவன் மட்டும் பல நேரம் பீரங்கியைச் சரிபார்க்கிற வேலை இருக்கிறது என்று அனுப்பிவிடுவான். அவனை எல்லோருக்கும் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

2024 பொங்கலுக்கு மாப்பிள்ளை லேப்டாப்பில் கேமை ஏற்றிக்கொண்டே வந்துவிட்டான். பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டுடியோஸ் செய்தது. டிசம்பரில் அந்த வருடத்தின் சிறந்த கேம் என்ற பரிசையும், அஸ்டேரியன் என்ற கூட்டாளியாகப் பேசி நடித்த நீல் நியூபனுக்குச் சிறந்த நடிப்புக்கான பரிசையும் வாங்கியிருந்தது. தை மாதக் குளிரில் இரண்டு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். மூடுபனிக்குள்ளிருந்து குச்சிக்கிழங்கு லாரி முக்கி முக்கி ஏறுகிற சத்தம் கேட்டது.

பிரமிப்பாகத்தான் இருந்தது, மறைப்பானேன். முகத்தில் வியர்வை தெரிகிறது. பேசும்போது கண் கலங்குகிறது. காட்சிகள் மட்டும் 174 மணி நேரம் என்று கம்பெனியே சொன்னது. எங்கள் காலித் ஐந்து சிடியிலும் சேர்த்துப் பேசியது நாலைந்து நிமிஷம் இருந்தால் அதிகம்.

கூட்டம் நாலு பேராகச் சுருங்கிவிட்டது. மற்றவர்கள் முகாமில் இருப்பார்கள். ராத்திரி நாம் போய்ச் சேர்ந்தால் சிலர் தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி மின்னும்; பேச வேண்டுமாம். வழியில் நாம் எதையாவது செய்தால், இன்னாருக்குப் பிடித்தது, இன்னாருக்குப் பிடிக்கவில்லை என்று திரையின் ஓரத்தில் எழுத்து ஓடும். மாப்பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்தே பதில் சொல்கிறான் என்பதைக் கவனித்தேன். அஸ்டேரியன் பக்கத்தில் இருந்தால் பேச்சில் கொஞ்சம் குரூரம், வில் என்பவன் இருந்தால் கொஞ்சம் தர்மம். எங்கள் அறையில் ஒருத்தனுக்கு மனசு கெட்டுப்போனால் மூன்று நாள் கழித்து அவன் சோப்பை எடுக்கும்போதுதான் தெரியும். வெளியான புதிதில் கூட்டாளிகள் எல்லோருமே வரிந்துகட்டிக்கொண்டு காதல் சொல்ல வந்தார்களாம். பிரியத்துக்கான அளவுகோலைத் தாழ்த்தி வைத்துவிட்ட பிழை அது என்று லாரியனின் தலைவர் ஸ்வென் வின்க்கே சொல்லி, பிறகு திருத்தினார்கள்.

செத்தால் முகாமிலேயே விதர்ஸ் என்ற எலும்புக்கிழவர் இருக்கிறார். இருநூறு பொன் கொடுத்தால் உயிர். நூறு கொடுத்தால் கூட்டாளியின் தொழிலையே மாற்றிக்கொடுப்பார், பூசாரியைத் திருடனாக்கலாம். சாம்பலைப் பற்றி நான் சொன்னதும் மாப்பிள்ளை சிரித்தான்.

"அப்ப இதுல யாருமே கோவிச்சுக்கிட்டுப் போகமாட்டாங்களா?"

"ஏன் போகமாட்டாங்க? அகதிங்களை நாம கொன்னா வில்லும் கார்லக்கும் போயிடுவாங்க. நீங்க எல்லாத்தையும் பழசோட ஒப்பிடுறீங்க மாமா. உங்க காலித் என்னதான் பேசினான், சொல்லுங்க?"

யோசித்தேன். அவன் சொன்னது சரி. நான் காலித் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் முக்கால்வாசி எங்கள் அறைக்காரன். கேமில் இருந்தது ஒரு சின்னப் படம், சில வசனம், திக்கல். மற்றதை நாங்கள்தான் போட்டு நிரப்பினோம். மாப்பிள்ளை அப்படி எதையும் நிரப்ப வேண்டியதில்லை. கார்லக் என்ற பெண்ணுக்கு நெஞ்சில் இதயத்துக்குப் பதில் நரகத்து எந்திரம் எரிகிறது. யாரையும் தொட முடியாது, தொட்டால் சுட்டுவிடும். அவள் வருகிற காட்சியில் இவன் மூக்கை உறிஞ்சினான். குளிர் என்றான்.

புதியதில் எனக்கு முழுக்கப் பிடித்த கூட்டாளி வேறோர் இடத்தில் இருக்கிறார். எஸ்டோனியாக்காரர்கள் 2019இல் செய்த டிஸ்கோ எலிசியத்தில் வரும் கிம் கிட்சுராகி என்ற போலீஸ்காரர். நாம் குடித்துச் சீரழிந்த துப்பறிவாளர், அவர் நிதானம். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட். நம்மைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று எண்ணாக எங்கும் எழுதிக் காட்டுவதில்லை. அவர் புருவத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் மலையாளிச் சனத்தின் பூர்வகதையிலும் ஒரு கூட்டம் உண்டு. காஞ்சிப் பக்கமிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் சேர்ந்து புறப்பட்டு வந்து, கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலை என்று ஆளுக்கொரு மலையாகப் பிரிந்துபோனார்கள் என்பார்கள். சேர்ந்து நடந்த நாள்களைப் பற்றிக் கதையில் அதிகம் இல்லை. பிரிந்ததுதான் கதை. இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அவங்களுக்கு முகாம் இல்ல போல" என்றான்.

மாட்டுப்பொங்கல் ராத்திரி இரண்டாம் கட்டத்துக்கு வந்தான். சாபம் பிடித்த இருட்டு நிலம், நடுவே வெளிச்சமாக ஒரு சத்திரம். வாசலில் ஒரு பெண் சந்தேகத்தோடு வழிமறித்தாள். தலை நரைத்திருந்தது. பெயர் கீழே வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. கதைக் கணக்கில் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அரை எல்ஃப் சாதி என்பதால் உயிரோடு இருக்கிறாள். அன்று அவளைப் பார்த்ததும் சத்திரத்தில்தான்.

"காலித் எங்கே?" என்றேன், என்னையும் மீறி.

"இவளுக்கும் அவனுக்கும் என்னங்க மாமா?"

நான் பதில் சொல்லாமல் செல்போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தேன். பழைய அறைக்காரன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். வருடத்தில் இரண்டு தடவை பேசுவோம், பெரும்பாலும் எழுத்தில்தான். எழுத்தில் அவனுக்குத் திக்குவதில்லை. படத்தை அனுப்பினேன். டவர் கிடைக்காமல் அது ராத்திரி முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது.

காலையில் மாப்பிள்ளையை பஸ் ஏற்றிவிட சோளக்காடு வந்தபோதுதான் சிக்னல் வந்தது. பதிலும் கூடவே வந்து விழுந்தது.

"டேய், அவளுக்கும் நரைச்சிருச்சாடா?"